மூன்றாம் வரிசை, நாலாவது குழி

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஓஸ்வால்டின் வீட்டு கேட்டில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் அவர் பெயரும், அதற்குக் கீழே 'தரக்கட்டுப்பாட்டு மேலாளர் (ஓய்வு)' என்ற பட்டமும். இன்னொன்றில் 'நாய் உண்டு'. நாய் செத்து நாலு வருஷமாகிறது. பட்டமும் அதே கணக்குதான் என்று அவர் மனைவி பெர்னதெத் சொல்வாள், அவர் காதில் விழாத தூரத்தில் நின்று.

ரிட்டயர் ஆன மனுஷன் ரோஜாச் செடி வளர்ப்பான், இல்லாவிட்டால் பாடகர் குழுவில் சேர்ந்து கழுத்தறுப்பான். ஓஸ்வால்ட் தோட்டா செய்தார். ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி கிளப்; அங்கே கைத்துப்பாக்கியால் அட்டையில் ஓட்டை போடுகிறவர்கள் நாற்பது பேர். சுட்டதும் கீழே விழுகிற பித்தளைக் கூட்டை மற்றவர்கள் மறந்துவிடுவார்கள், இவர் குனிந்து பொறுக்குவார். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, புதுசாக வெடிமருந்து அளந்து போட்டு, தலையில் ஈயக் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. இதற்கு லைசென்ஸ் வாங்க ஆறு வருஷம் நடந்தார். வாங்கியதைக் கண்ணாடி போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவில் மாட்டினார்.

"கடைத் தோட்டா ஹோட்டல் சாப்பாடு மேன். என்னது வீட்டுச் சமையல்" என்பார். வீட்டில் அவர் முட்டைகூட வேகவைத்தது கிடையாது.

கிளப் சுவரில் அவர் எழுதிய 'தோட்டா மேசையின் பத்துக் கட்டளைகள்' ஒரு பலகையில் தொங்கின. முதல் கட்டளை: வேலை நடக்கும்போது பேச்சு கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்து, மோசே போட மறந்ததை இவர் போட்டதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் வருடாந்தரக் கோப்பைப் போட்டி. கோப்பை ஓஸ்வால்டின் அன்பளிப்பு, கையால் கொடுக்கப்போகிற சீஃப் கெஸ்டும் ஓஸ்வால்ட். கடவுள் சித்தமானால் வாங்கப்போவதும் அவர் மாப்பிள்ளை நீல்தான். நீல் சாஃப்ட்வேர்காரன். மாமனாரைச் சந்தோஷப்படுத்தப் போன வருஷம் துப்பாக்கி பிடித்தவனுக்கு ஏனோ நன்றாகவே வந்துவிட்டது. அவனுக்கென்றே ஐம்பது தோட்டா செய்து, டப்பாவுக்கு ரிப்பன் கட்டி, முந்தின நாள் சாயங்காலம் கொடுத்தனுப்பியிருந்தார்.

போட்டி ஒன்பது மணிக்கு. ஒன்பதடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது சீஃப் கெஸ்ட் வீட்டில் உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கிளம்பலியா?"

"சீஃப் கெஸ்ட் பத்தரைக்கு முன்னாடி போனா மரியாதையா இருக்காது பெர்னி. உக்காரு, இத பாரு."

அந்த ஐம்பது தோட்டாக்களைச் செய்யும்போது எடுத்த வீடியோ அது. பதினேழு நிமிஷம். காலையிலேயே கிளப் குழுவில் போட்டுவிட்டார். முப்பத்தெட்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள், பலர் போட்ட மறு நிமிஷமே. போனில் ஓஸ்வால்ட் இஸ்திரி போட்ட சட்டையோடு மேசை முன்னால் நின்றார். மரக்கட்டையில் வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசைக் குழிகள், குழிக்கு ஒரு பித்தளைக் கூடு. மருந்துப் பெட்டியை ஒவ்வொரு கூட்டின் மேலும் நகர்த்தி, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு அளவு மருந்து விழும். இழுத்துக்கொண்டே ஓயாமல் பேசினார்.

பெர்னதெத் முப்பது வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். பரீட்சை ஹாலில் எவன் எங்கே எட்டிப் பார்க்கிறான் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வாள்.

"கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க" என்றாள்.

"எத? கவனம்கறது ஒரு பண்பாடுன்னு சொன்னேனே, அதா?"

"அதேதான்."

போனில் ஓஸ்வால்ட் கேமரா பக்கம் முகத்தைத் திருப்பி, 'கவனம் என்பது ஒரு பழக்கமல்ல, பண்பாடு' என்றார். கை கைப்பிடியை இழுத்தது. முகம் மறுபடி மேசைக்குத் திரும்பியது. கை மறுபடி இழுத்தது. பெட்டி நகரவேயில்லை.

"ஒரே குழிக்கு ரெண்டு வாட்டி இழுத்தீங்க."

"பைத்தியமா உனக்கு?"

மூன்று தடவை பார்த்தார்கள். மூன்றாம் வரிசை, நாலாவது குழி. மூன்று தடவையும் கை இரண்டு முறையே இழுத்தது.

"அதுக்குத்தான் மேன் டார்ச்" என்றார் ஓஸ்வால்ட், குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. "மருந்து போட்டதும் ஒவ்வொரு கூட்டையும் டார்ச் அடிச்சுப் பாப்பேன். அஞ்சாவது கட்டளை."

வீடியோவிலும் பார்த்தார். கையில் டார்ச்சைப் பிடித்து வரிசை வரிசையாக ஆட்டினார். ஆனால் டார்ச் எரியவில்லை. பேட்டரி தீர்ந்து ஒரு மாதமாகிறது. அப்புறம் போன் வெளிச்சத்தில்தான் பார்த்துவந்தார். அன்றைக்கு போன் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"இருட்டு டார்ச்ச வச்சு பூஜ காட்டுனீங்களா?"

அளவுக்கு இரண்டு மடங்கு மருந்து உள்ள தோட்டா துப்பாக்கிக்குள் வெடித்தால் குண்டு முன்னால் போவதோடு நிற்காது. இரும்பு பிளந்து பின்னாலும் வரும். பிடித்திருக்கும் கை, குறி பார்க்கும் கண். எது மிஞ்சும் என்று அவர் நூறு தடவை கிளப்பில் விளக்கியிருக்கிறார், படத்தோடு.

"எது அந்தத் தோட்டான்னு பாத்தா தெரியாதா?"

"எல்லாத்தையும் ஒண்ணா கலந்து துணில கொட்டி பாலிஷ் போட்டேன்" என்றார். "வீடியோவுல மின்னணும்னு."

நீலின் போன் அடித்து ஓய்ந்தது. செக்ரெட்டரி எத்திராஜின் போனும் அடித்து ஓய்ந்தது. போட்டி முடியும்வரை எல்லார் போனும் லாக்கரில் இருக்க வேண்டும். ஒன்பதாவது கட்டளை.

கார் எடுத்தால் ஆகாது என்று பெர்னதெத் ஸ்கூட்டரை எடுத்தாள். சீஃப் கெஸ்ட் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறும்போது மணி ஒன்பதாகிவிட்டது. ஐந்தைந்தாகச் சுடும் போட்டி; இந்நேரம் முதல் ஐந்து போயிருக்கும். ஹென்னூர் ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்று உறுமியது.

"ஸ்வல்ப ஜாகா பிடி அண்ணா!" என்று பெர்னதெத் லாரிக்காரனிடம் கொஞ்சம் இடம் விடச் சொல்லிக் கன்னடத்தில் கத்தி, கிடைத்த ஒரு முழ இடத்தில் வண்டியை நுழைத்தாள்.

பின்னால் இருந்தவர் மனசுக்குள் வேறொரு வண்டி ஓடியது. நீலின் கை ஞாபகத்துக்கு வந்தது; கல்யாணத்தன்று மகள் நிக்கோலுக்கு மோதிரம் போடத் தடுமாறிய நீளமான விரல்கள். அதே சமயம், சொல்ல வெட்கம், எதைச் சொல்லி அந்த டப்பாவை வாங்குவது என்ற யோசனையும் கூடவே ஓடியது. 'ஈரப்பதம்' என்று சொல்லலாமா? ஈரப்பதம் கௌரவமான வார்த்தை. யார் தலையிலும் விழாது.

"என்ன சொல்லப் போறீங்க?" கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"பாத்துக்கலாம்."

"பாத்துக்கறதா? நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன். மைக் வாங்கிச் சொல்லுவேன்."

கொத்தனூர் தாண்டி கிளப் கேட்டில் இறங்கும்போதே வெடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓஸ்வால்டின் தோள் ஒருமுறை குலுங்கியது. டப். அளவான சத்தம். டப். அதுவும் அளவானதுதான். பத்து வருஷமாக ஓடாத மனுஷன் ஓடினார், சுடும் கொட்டகைக்குள் நுழைந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஸ்டாப்! ஸ்டாப்!"

வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் அந்த நொடியே துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்துப் பின்வாங்கினார்கள். நீலும்தான். எத்திராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நாலே செகண்ட் சார்! போன மாசம் ஆறு!"

கொட்டகை கைதட்டியது. மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இப்படிக் கத்தி, எத்தனை நொடியில் நிறுத்துகிறார்கள் என்று சோதிப்பது ஓஸ்வால்ட் கண்டுபிடித்த வழக்கம்.

"சீஃப் கெஸ்டா வந்தும் டிரில்ல விடல பாருங்க. அதான் சார் நீங்க!"

ஓஸ்வால்டுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சிரைப்பிலும் கைதட்டல் காதுக்கு இனிக்கத்தான் செய்தது. நீல் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, அந்த டப்பாவ குடு. கிளப்போட கடைத் தோட்டா வாங்கிக்கோ."

"ஏன் அங்கிள்? செமயா போகுது. பன்னெண்டு ரவுண்டு போட்டுட்டேன், அடிக்கறதெல்லாம் பத்து மார்க் வட்டத்துலயே விழுது. உங்க வீட்டுச் சமையல்!"

"காத்துல ஈரப்பதம்…"

"சார்," எத்திராஜ் பணிவாக ஒரு பெரிய நோட்டை நீட்டினார். "மேட்ச் நடுவுல தோட்டா மாத்துனா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். நீங்க கொண்டாந்த ரூலுதான். ஈரப்பதம்னா எத்தன பர்சென்ட்னும் எழுதணும். அதுவும் நீங்கதான்."

எல்லாரும் காத்திருந்தார்கள். ஓஸ்வால்ட் நோட்டைப் பார்த்தார், வாங்கவில்லை. பெர்னதெத் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று அவரையே பார்த்தாள்.

"அப்ப ஒண்ணும் இல்லல்ல சார்? டைம் ஆகுது. லோட்!"

நீல் அந்த ஐந்தில் மீதி மூன்று தோட்டாக்களை மேகசினில் போட்டுத் துப்பாக்கியில் தள்ளினான். கையை நீட்டினான். ஐம்பதில் ஒன்று, ஏற்கெனவே பன்னிரண்டு போயாயிற்று, இதிலேயா இருக்கப்போகிறது என்று ஒரு குரல் ஓஸ்வால்டுக்குள் கணக்குப் போட்டது. நாற்பது வருஷம் ஃபாக்டரியில் எத்தனையோ பழுதான சரக்கை இதே குரல்தான் பாஸ் செய்திருக்கிறது.

டப்.

நீலின் கட்டை விரல் முழுசாக இருந்தது. அது அடுத்ததற்காகத் துப்பாக்கியின் மேல் படிந்தது. பெர்னதெத் படியைவிட்டு இறங்கி உள்ளே வந்தாள்.

"ஸ்டாப்!" என்று அலறினார் ஓஸ்வால்ட். "சுடாதே நீல்! வையி கீழ! நான்தான் தப்பு பண்ணேன், ஒண்ணுல மருந்த ரெண்டு வாட்டி போட்டுட்டேன்!"

துப்பாக்கிகள் மேசைக்கு இறங்கின. நீல் அவசரத்தில் மேகசினை உருவி, குழலைத் திறந்தான். உள்ளேயிருந்த தோட்டா துள்ளித் தரையில் விழுந்து உருண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. எத்திராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூணு செகண்ட்! இது புதுசா இருக்கே சார், 'மனிதத் தவறு' டிரில்லா? நடிப்பு பிரமாதம்!"

"நடிப்பு இல்ல மேன்!"

"பாத்தீங்களா, இப்பவும்!"

ஓஸ்வால்ட் எத்திராஜ் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினார். 'காரணம்' என்ற கட்டம். உத்தியோக காலத்தில் இந்தக் கட்டத்தை ஆயிரம் தடவை நிரப்பியவர். ஆயிரம் தடவையும் ஒரே பதில்தான். பேனா பழக்கதோஷத்தில் 'தொழிலாளியின் கவனக்குறை' என்று ஓடிவிட்டது. நிறுத்தினார். அடித்தார். கீழே எழுதினார்: 'ஒரு கூட்டில் மருந்து இரண்டு முறை போடப்பட்டது. போட்டது நான். சரிபார்க்கவில்லை.' பிறகு கையெழுத்து. கட்டளைப் பலகையில் உள்ள அதே கையெழுத்து, கொஞ்சம் சின்னதாக.

எத்திராஜ் படித்தார். இன்னொரு முறை படித்தார். சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்று, போய்விட்டது. நீல் மேசையைவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றான்.

தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல் கிளப் அலமாரியில் இருந்தது. அதிலும் 'அன்பளிப்பு: ஓஸ்வால்ட்'. சுத்தியலின் தலைக்குள் தோட்டாவைச் செருகி மரத்தில் தட்டினால் ஈயமும் மருந்தும் கழன்று விழும். டப்பாவில் முப்பத்தைந்து, மேகசினில் ஒன்று. கேன்டீனிலிருந்து வெள்ளைச் சாசர் வந்தது. ஓஸ்வால்ட் ஒவ்வொன்றாகத் தட்டி, மருந்தைச் சாசரில் கொட்டிக் காட்டினார். சுற்றிலும் நாற்பது பேர்.

நாலாவது தட்டும்போது, "இந்த மாதிரி சமயத்துல நாம கவனிக்க வேண்டியது என்னன்னா…" என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க" என்றாள் பெர்னதெத்.

தட்டினார். பத்து. இருபது. எல்லாம் ஒரே அளவு, அச்சடித்ததுபோல. முப்பது தாண்டியதும் எத்திராஜின் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. முப்பத்தாறாவதும் சரியாக இருந்தது.

"டிரில்லுதானே சார்? கையெழுத்துப் போட்டு வேற மிரட்டிட்டீங்களே!"

நாற்பது முகமும் அவரைப் பார்த்தன. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்; பலகை சுவரில் அப்படியே தொங்கும். ஒருவேளை அது முன்னாலேயே வெடித்து, துப்பாக்கி எப்படியோ தாங்கியிருக்கலாம். ஒருவேளை வீடியோவில் கண்தான்… அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"பதிமூணு சுட்டான். முப்பத்தாறு பிரிச்சோம்" என்றார். "ஒண்ணு குறையுது."

நீல் குனிந்து தன் ஷூ அருகே கிடந்ததை எடுத்தான். "கடைசில காலி பண்ணப்ப விழுந்தது அங்கிள். அடுத்து இதத்தான் சுட்டிருப்பேன்."

தட்டினார். கொட்டினார். சாசரில் குவியல் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உயரம் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. நீல் தன் வலது கையை விரித்துப் பார்த்துவிட்டுப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். ஓஸ்வால்ட் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நாற்பது பேரும் அது ஒரு சொற்பொழிவாக இருக்கும் என்று காத்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கட்டளைப் பலகையைக் கழற்றினார். எத்திராஜ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குக் கோப்பையை எத்திராஜ் கொடுத்தார், யாருக்கோ. சீஃப் கெஸ்ட் பலகையை மடியில் நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் வீடு திரும்பினார். ஹென்னூர் சிக்னலில் பெர்னதெத் கண்ணாடியில் பார்த்தாள்.

"என்னாங்க, வாயே தொறக்கல?"

"நீ ரோட்டப் பாரு" என்றார் ஓஸ்வால்ட். "வேல நடக்கறப்ப பேசக் கூடாது."