மூன்றாவது தடவை

கப்பலில் அறை துடைக்கிறவனுக்குக் கொழும்பில் இறங்க அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. பயணிகளைக் கண்டிக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸில் எண் பலகை பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். எனக்கு வேண்டியது கண்டியல்ல, என் மகளின் காது.

நான் கப்பலேறி எட்டு மாதம், மகள் பிறந்து ஏழு மாதம். முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கும்போது, மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் கூடியிருக்க, என் மனைவி சர்மிளா போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். அப்பன் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவதற்குள் நடுக்கடலில் லைன் அறுந்துவிட்டது.

"நேர்ல வந்து நீங்களே முடிங்க. அதுவரைக்கும் அவ பாப்பாதான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

கண்டியில் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை என்று பயண அட்டை சொன்னது. பன்னிரண்டுக்குத் தலதா மாளிகை வாசலுக்கு வந்துவிடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். உறவுக்காரரை வேலை நேரத்தில் சந்திப்பது குற்றம். போன மாதம் அப்படிச் சந்தித்த ஒருவனை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கண்டியில் இறங்கி, பழைய சிம்மைப் போட்டு அவளை அழைத்தேன்.

"வந்துட்டியா?"

"என்னங்க அவசரம்? இப்பதான் கினிகத்தேனை தாண்டுறோம். மணி பத்தரைதானே."

கையில் கட்டியிருந்த கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. போன் பத்தரை என்றது. தாய்லாந்திலிருந்து வந்த கப்பல், ஒரே ஒரு நாளுக்காக எதற்கு என்று கடிகாரத்தை மாற்றவேயில்லை. அட்டையில் இருந்தது கப்பல் நேரம். எல்லாத் துறைமுகத்திலும் ஊர் நேரம் பார்த்துப் பழகியவன், சொந்த ஊரில் கோட்டை விட்டேன். செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னும் அரைமணி நேரம் இருக்கலாமா என்று சுற்றுலா மேனேஜரிடம் கேட்டேன். அந்தம்மா அட்டையைத் தட்டிக் காட்டினார். பயணிகளோ மனம் நிறைய வாவியைப் பார்த்தார்கள், ஐஸ்கிரீம் தின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைத் தொலைத்துவிட்டார். தேடு தேடென்று தேடினோம். அது அவர் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆண்டவா, எனக்கு மட்டும் ஏன் இப்படி!

பஸ் புறப்படும் நேரத்தில் சர்மிளாவின் பஸ் கம்பளையைத் தாண்டிப் பேராதனையை நெருங்கியிருந்தது. "பேராதனைப் பூங்கா வாசல்ல இறங்கி நில்லு. ரெண்டு பஸ்ஸும் அந்த வழிதான். நான் என்ன சொன்னாலும் பேசாம நில்லு" என்றேன்.

பூங்கா வாசலில் அவளைக் கண்டேன். பச்சைச் சுடிதார், தோளில் குழந்தை. வாய் தானாகவே திறந்தது.

"மேடம், அதோ, தேயிலைத் தோட்டத்துப் பெண், குழந்தையோடு. நல்ல படம் கிடைக்கும்!"

கட்டிய மனைவியைக் காட்சிப்பொருளாக்கினேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பஸ் நின்றது.

"கூடை எங்கே?" என்று கேமராவோடு இறங்கிய பயணி ஒருத்தி குறைப்பட்டாள். நான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்மிளாவின் முன்னால் போய் நின்றேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

"குழந்தையின் பெயர் என்ன, கேளேன்" என்றார் தொப்பிக் கிழவர்.

சர்மிளாவைப் பார்த்தேன். "பேரு கேக்குறாங்க. முகத்த மாத்தாத."

"அப்பன் இன்னும் முடிக்கலைன்னு சொல்லுங்க."

"அப்பாதான் வைக்க வேண்டுமாம்" என்று அவரிடம் சொன்னேன்.

"அப்பா எங்கே?"

"கப்பலில்" என்றேன்.

சர்மிளா குழந்தையை என் கையில் திணித்தாள். நான் நினைத்ததைவிடக் கனம். பாப்பா என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தாள். கேமராக்கள் சொடுக்கின. முத்தம் கொடுப்பவன்போல் குனிந்து காதில் பெயரைச் சொன்னேன். அவள் வீறிட்டு அழுதாள். கேட்டாளோ, இல்லையோ. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நேரமாகிவிட்டது" என்றார் மேனேஜர். அவ்வளவுதான், எட்டு மாதத்துக்கு இரண்டு நிமிடம். குழந்தையைச் சர்மிளாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகையைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் ஏற்றினேன். கடைசியாக நான் ஏறினேன்.

கதவு மூடும்போது சர்மிளா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"அழாத தனுஜா. டாட்டா காட்டு" என்றாள்.