முங்காதவள்

அம்மாவின் கழுத்தோரம் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நித்யஸ்ரீ நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஓரம் மட்டும் கிளம்பியது; மீதி வருவேனா என்றது.

"ஈரத்துணி வெச்சுத் தொடச்சா வந்துரும் அம்மிணி" என்றாள் அவளுடைய அத்தை அத்தாயி.

"நனையக் கூடாதுங்க அத்தை. டாக்டரு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

வாசல் பெஞ்சின் மேல் அவள் அம்மா சென்னியம்மாள் கிடந்தாள். குளிப்பாட்டுவதற்காக நான்கு பெண்கள் சேலைகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். காலையில் நாமக்கல்லில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. கழுத்துக் குழாயை எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி, மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டார்கள்.

சென்னியம்மாள் ஏழு வருடமாகச் சங்ககிரி ஜெபவீட்டுக்குப் போய்வந்தவள். குடும்பத்தில் வேறு யாரும் போகவில்லை; கணவர் வெள்ளியங்கிரி தடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்தபடி காத்திருப்பார். ஆனால் முழுக்கு ஞானஸ்நானம் மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் குலக்கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது, மகள் கல்யாணச் சீரில் நிற்க முடியாது. "இவ கல்யாணம் முடியட்டுமுங்க, மறுவாரமே காவேரில முங்கிக்கறேன்" என்று பாஸ்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நித்யஸ்ரீயோ படிப்பு, வேலை, இந்த மாப்பிள்ளை குட்டை, அந்த மாப்பிள்ளை வாயாடி என்று ஆறு வருடம் இழுத்தடித்தாள். ஒருவழியாகத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. மாசியில் அம்மாவுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். குழாய் போட்டவர்கள் தண்ணீரில் முங்கவே கூடாது என்றார் டாக்டர்.

நேற்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "தண்ணியில முங்காதவள அங்க உள்ள உடுவாங்களா கண்ணு?"

நித்யஸ்ரீக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "உடாம என்ன பண்ணுவாங்க, பேசாமத் தூங்கும்மா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்தாள். அம்மா தூங்கவில்லை.

வேலியோரம் வெள்ளைச் சட்டையில் தீனதயாளன் பாஸ்டர் வந்து நிற்பது சேலை இடுக்கில் தெரிந்தது. நித்யஸ்ரீ வெளியே போனாள்.

"பாஸ்டர், இப்பக் குடுக்க முடியுங்களா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "உசுரு போனதுக்கப்பறம் குடுக்கறதில்லீம்மா. அவங்க வாயாலயே விசுவாசத்தச் சொல்லோணும்."

"ஏழு வருசமாச் சொல்லுச்சுங்களே."

பாஸ்டர் தரையைப் பார்த்தார். "சிலுவையில தொங்குன கள்ளனுக்கு யாரும்மா முழுக்குக் குடுத்தாங்க? அவனையே ஆண்டவரு பரலோகத்துல சேத்துக்கிட்டாரு."

"அவனுக்கு நேரமில்லீங்க. எங்கம்மாவுக்கு நேரம் இருந்துச்சு. நாந்தான் அதைத் தின்னுட்டேன்."

அவரிடம் இதற்கும் ஒரு வசனம் இருந்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றி வேலியோரம் விட்டார்.

"அம்மிணி, பொழுதாகுது பாரு" என்று அத்தை கூப்பிட்டாள்.

நித்யஸ்ரீ மறைப்புக்குள் போய்க் குடத்தைத் தூக்கினாள். நிரப்பி வைத்திருந்த மூன்று குடமும் தீர்ந்தன. தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் ஓடித் தென்னம்பாத்திக்குப் போயிற்று.

"இன்னொரு குடம் வேணுங்க அத்தை."

"மூணுதான் கண்ணு மொற."

"முதுகு நனையலீங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேலையைப் பிடித்திருந்ததால் யாருக்கும் கை ஒழியவில்லை. நித்யஸ்ரீ வெறுங்குடத்தைச் சேலைக்கு மேலாக நீட்டினாள். வெளியே யாரோ வாங்கிக்கொண்டார்கள். தொட்டியில் குடம் அமுங்கும் சத்தம் கேட்டது. நிறைகுடம் திரும்பி வந்தது. அதை ஏந்திய வெள்ளைச் சட்டைக் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. முகம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் முதுகுக்கு ஊற்றினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி வந்தது.

ஆறாவது குடத்துக்கு மேல் அத்தை எண்ணவில்லை. குனிந்து அண்ணியின் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். நித்யஸ்ரீ பின்னந்தலைக்கும் ஊற்றிவிட்டுக் குடத்தை வெளியே நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு, செருப்பில்லாத கால்கள் சேற்றில் தொட்டியைப் பார்த்து நடந்தன.