பச்சை நூல் மூட்டை

தெருவில் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'நெட்டை குட்டை' என்று ஒரே மூச்சில்தான் கூப்பிடுவார்கள். நெட்டை பஸ் டிரைவரின் மகள். குட்டை சலவைக்கடைக்காரியின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடிப்பாள். அப்படிப்பட்ட சிநேகிதத்தை நாசமாக்க ஒரு கோடை விடுமுறை போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே நெட்டையின் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். செத்துப் போயிருந்தால் தெரு கூடி அழுதிருக்கும். ஓடிப் போனதால் கூடிப் பேசியது. நெட்டை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை, குட்டையிடம்கூட. குட்டையும் கேட்கவில்லை. அந்த வயதுக்கு அது பெரிய விஷயம்தான்.

விடுமுறை தொடங்கிய கையோடு குட்டையின் அம்மா கடையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு மெஷினின் பொத்தானை அழுத்தலாம், மூட்டை அவிழ்க்க முடியாது. அந்த வேலை குட்டையின் தலையில் விழுந்தது.

மூட்டை அவிழ்ப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் சலவைக்கடையின் உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள். கடையின் முன்பக்கம் இஸ்திரி மேஜை, பின்பக்கம் துவைக்கும் அறை, நடுவில் ஒரு தடித்த திரை. அழுக்கு மூட்டைகளைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்த்தான் பிரிப்பார்கள். துணிகளின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு நிறமாக அடையாள நூல் தைத்திருக்கும். யார் வீட்டுத் துணி என்று நூல் சொல்லும். மிச்சத்தைத் துணியே சொல்லிவிடும். யார் குடிக்கிறார், யார் ராத்திரி அழுகிறாள், எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் படுக்கையில் படுக்கிறார்கள் என்று எல்லாமே அதில் இருக்கும். அதனால் அம்மாவின் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். அவிழ்த்தவள் வாய் திறக்கக்கூடாது.

"கறை போச்சுன்னா அதோட கதையும் போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது," என்றாள் அம்மா.

"உங்கிட்டகூடவா?"

"எங்கிட்டகூடத்தான்."

முதலில் குட்டைக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. மிடுக்காக நடமாடும் மருந்துக்கடைக்காரரின் பனியனில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் தனியாக நின்று சிரித்தாள். பச்சை நூல் மூட்டையை அவிழ்த்த அன்று சிரிப்பு நின்றது. அது நெட்டை வீட்டு மூட்டை. டிரைவர் விடியற்காலையில் டியூட்டிக்குப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். சட்டைகளுக்கு நடுவே, பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்று இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது யாருடைய விரிப்பு என்று அவளுக்குத் தெரியும். எத்தனை மதியங்கள் அதன்மேல் இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு கதை பேசியிருக்கிறார்கள். பிரித்ததும் வந்த நாற்றம் கைக்குழந்தை இருக்கிற வீட்டு நாற்றம். நெட்டைக்குப் பதின்மூன்று வயது.

அடுத்த மூட்டையிலும் அந்த விரிப்பு வந்தது. அதற்கடுத்த மூட்டையிலும்.

குட்டைக்கு நெட்டைக்காக ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. விரிப்பை இரண்டு தடவை அலசினாள். பட்டுத்துணிக்கு மட்டும் ஊற்றும் வாசனைத் தண்ணீரை அம்மாவுக்குத் தெரியாமல் ஊற்றினாள். சுருக்கம் இல்லாமல் தேய்த்து, ஓரம் பிசகாமல் மடித்து, எல்லாத் துணிக்கும் மேலே வைத்துக் கட்டினாள். நான் இருக்கிறேன் என்று சொல்வதாக அவள் நினைப்பு.

அம்மா மட்டும் பார்த்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அப்படிப்பட்ட துணியை மற்ற துணிகளோடு துணியாக, நடுவில் செருகி அனுப்புவதுதான் அந்தத் தொழில். தனியாகக் கவனித்தால் கண்டுபிடித்துவிட்டேன் என்று தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். இது குட்டைக்கு எட்டவில்லை. அன்புதானே என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு நெட்டை கடைப்பக்கம் வரவில்லை. தேடிப் போனால், "வேலை இருக்கு" என்றாள். எதிரே பார்த்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு கடந்துபோனாள். ஒருநாள் குட்டை இஸ்திரித் துணிகளைக் கொண்டுபோகும்போது, மருந்துக்கடை மாடிப்படியில் அந்தக் கடைக்காரரின் மகளோடும் அவளுடைய கூட்டத்தோடும் உட்கார்ந்து நெட்டை சிரித்துக்கொண்டிருந்தாள். குட்டையைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

குட்டைக்கு வயிறு எரிந்தது. அம்மா இல்லாத பெண்ணாயிற்றே என்று பார்த்துப் பார்த்துத் துவைத்தால், இவள் ஆள் மாறிவிட்டாளே! ராத்திரி அழுதாள், காலையில் கோபப்பட்டாள். அழுகை அடங்கிப்போனது. கோபம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. கூட்டம் முழுவதும் அன்றிரவு அவள் வீட்டிலேயே தங்குவதாகத் திட்டம். துணி கொடுக்கப் போன குட்டையை அவளே கூப்பிட்டாள்.

"ஏய், உன் ஜோடி ஏன் தங்க வரமாட்டேங்கறா? கூப்பிட்டா மென்னு முழுங்கறா. அவ்ளோ பெரிய ஆளா அவ?"

நெட்டை அங்கே இல்லை. படியில் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து குட்டைக்கு இடம் விட்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் படியில் அவளுக்கு ஓர் இடம். குட்டை உட்கார்ந்தாள்.

"அவ எப்படி வருவா?" என்றாள். "பச்சை நூல் மூட்டைய அவிழ்க்கறவளுக்குத்தானே தெரியும். இன்னும் படுக்கைய நனைக்கறா."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகள் குட்டையின் தோளைக் கட்டிக்கொண்டு, "நெஜமாவா? நெஜமாவா?" என்றாள். குட்டை இன்னும் சொன்னாள். எப்படிச் சுருட்டி வருகிறது, எப்படி நாறுகிறது என்று நடித்தே காட்டினாள். சொல்லச் சொல்ல இனித்தது. தனக்குள் இப்படி ஒருத்தி இருப்பது அன்றுவரை அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் டிரைவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு கைக்குழந்தை டயப்பர் தொங்கியது. அதைப் பச்சை நூலால் கட்டியிருந்தார்கள்.

டிரைவர் சீருடையோடு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் குட்டைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையில் அந்த நூல் மட்டும் இருந்தது. அதை இஸ்திரி மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, நேத்து போட்ட மூட்டை இருக்குல்ல. குடுத்துடுங்க."

"இன்னும் துவைக்கலையேப்பா. சாயங்காலம் தந்துடறேன்."

"துவைக்க வேண்டாங்க்கா. அப்படியே குடுத்துடுங்க."

அம்மா நூலைப் பார்த்தாள். பிறகு திரைக்குப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்க எதுவும் இல்லை. தானே உள்ளே போய், நல்ல கையால் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். "என்னை மன்னிச்சிடுப்பா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அழுக்குத் துணியை ஒருவர் திரும்ப வாங்கிக்கொண்டு போவதை அந்தக் கடை அன்றுதான் பார்த்தது.

குட்டை ஓடினாள். நெட்டையின் வீட்டுக் கதவைத் தட்டினாள். வெகு நேரம் கழித்து நெட்டை பாதிக் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. கையெல்லாம் சோப்பு நுரை.

"நான் வேணும்னு சொல்லல," என்றாள் குட்டை. பச்சைப் பொய். சொன்ன வாய்க்கே கசந்தது.

நெட்டை கோபப்படக்கூட இல்லை. "உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். வாசனை போட்டு மேல வச்சிருந்தியே."

"அப்பறம் ஏன் எங்கிட்ட பேசல?"

"உன் மூஞ்சியப் பாக்கக் கூச்சமா இருந்துச்சு. அவளுங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, அதான் அங்க போய் உக்காந்தேன். கொஞ்ச நாள் போனா சரியாயிடும், உங்கிட்ட வந்துடலாம்னு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "எங்கப்பாகூட கேட்டாரு, விரிப்ப உங்க கடையில போடலாமான்னு. என் குட்டைதானே இருக்கா, போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

கதவு மூடியது. அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினாள்.

மருந்துக்கடை மாடிப்படியில் குட்டைக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். "குட்டை, இங்க வா!" என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் நெட்டை இல்லாமல் அந்தப் பெயரைக் கேட்கவே அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு நடந்தாள்.

அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் திரையை விலக்கினாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் கையால் ஒரு மூட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவிழ்க்கறேம்மா."

"வேண்டாம். நீ முன்னாடி போய் இஸ்திரியப் பாரு."

முடிச்சு அவிழ்ந்தது. மேலாக இருந்தது அம்மாவின் சொந்தப் புடவை. அவர்கள் வீட்டு மூட்டைதான் அது. அம்மா அதை அவசரமாக மடியில் இழுத்துப் போட்டு, மகளுக்குத் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"திரைய மூடிட்டுப் போ," என்றாள்.