பின்னந்தலைக்கு இன்னொரு கோட்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கடையில் பில் போட நின்ற வரிசையில் திருடியது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் தலைக்குப் போடும் டை பாக்கெட். மற்றவள் கேட்டாள்: "பின்னாடி யாரு போட்டுவிடுவா உனக்கு?" இவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருதான். பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா இதை மட்டும் போட்டு விட்டுடுவாரு." இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய பல்பைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்தப் பெண் படிக்க நேர்ந்தால் மன்னிக்கட்டும்.

2

முதல் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"நரை என்பது காலம் நம் தலையில் எழுதும்—"

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.

"அன்று கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது அவளுக்கு—"

இதுவும் வேண்டாம். கதைகளில் வரும் பெண்கள் கண்ணாடி பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, பழைய துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்."

இது தேவலை. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். என் அக்கா பார்லர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். புருவத்திலிருந்து குதிகால் வரை எல்லாமே வீட்டில்தான். "நெத்தி ஓரத்துலயும் காதுலயும் எண்ணெய் தடவாம யாராவது டை போட உக்காருவாங்களாடா? காதெல்லாம் கறுப்பா ஒட்டிக்கும்" என்றாள்.

ஆகவே, அவள் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

3

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமை எடுத்துக் கொடுத்து, வருகிறவர் எந்த மூஞ்சியோடு வந்தாலும் "உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அவள் கணவன் பெயிண்டர், வீட்டுச் சுவர்களுக்கு அடிப்பவன். தோள்பட்டை வலி வந்து அவளுக்கு இரண்டு கையும் காதுக்கு மேல் எழும்பாமல் போனபோது, "பிரஷ் பிடிக்கிறவன் வீட்ல இருக்கான், உனக்கென்ன கவலை?" என்று டை கிண்ணத்தை அவனே வாங்கிக்கொண்டான். அப்போதெல்லாம் ஒரே சிரிப்பாக இருக்கும். மிச்ச டையில் தனக்கு மீசை வரைந்துகொண்டு ராஜா மாதிரி நிற்பான்.

பிறகு மகள் போனாள். ஒரே மகள். வேறு நாட்டில் வேலை கிடைத்திருந்தது. வாசலில் பெட்டியோடு நின்றவளிடம், "போறதுன்னா அப்படியே போயிடு, இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டான். பிரிய மனமில்லாத கோபத்தில் சொன்னது. ஆனால் மகளுக்கும் அப்பனின் வீம்புதானே? சொன்னபடி செய்துவிட்டாள். ஒரு போன்கூட இல்லை. அன்றிலிருந்து மனைவியும் அவனோடு பேசுவதில்லை.

(பேசாமல் குடித்தனம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். ஃபிரிட்ஜிடம் பேசிக்கொள்வார்கள். "கேஸ் தீரப்போகுது" என்பாள் அவள், ஃபிரிட்ஜைப் பார்த்து. "சொல்லியாச்சு, நாளைக்கு வரும்" என்பான் அவன், அதே ஃபிரிட்ஜைப் பார்த்து.)

டை போடுவது மட்டும் நிற்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் ஸ்டூலைப் போடுவாள். அவன் கூப்பிடாமலே வந்து நிற்பான். அந்த வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் கை படுவது அப்போது மட்டும்தான். அதைக் கைவிட அவளுக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை.

4

கடையில் புது அலமாரி வந்தது. கூட வேலை பார்க்கும் பெண் அதைப் போட்டோ எடுத்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் இவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். படத்தில் பின்னந்தலை பளிச்சென்று விழுந்திருந்தது. அங்கே ஒரு எலுமிச்சம்பழம் அகலத்துக்கு முடியே இல்லை. வழவழவென்று கறுப்பாக ஒரு வட்டம், ஓரமெல்லாம் சிவந்து போய்.

"இது என்னடி?"

"அக்கா... உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் மை பூசி மறைச்சிட்டு வர்றீங்கன்னு நினைச்சோம். கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு யாரும் கேக்கலை."

(தலைக்குக் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படாதா என்று என் அக்கா மடக்கினாள். கை எட்டினால்தானே? குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொள்வாள், சீப்பு போகிறவரை வாருவாள், மிச்சத்தைக் கிளிப்பில் அள்ளிச் செருகிக்கொள்வாள். அரிப்பு இருந்தது. அதற்கு ஷாம்பூவை மாற்றினாள், டையை மாற்றினாள். நம்பினால் நம்புங்கள்.)

அவன் மாதாமாதம் பார்த்திருக்கிறான். முதலில் பொட்டு அளவுதான் இருந்திருக்கும். சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். பெயிண்டர் என்ன செய்வான்? கறை தெரிகிற இடத்தில் ஒரு கோட் அடித்தான், வெறும் தோல் மேலேயே. அடுத்த மாதம் வட்டம் பெரிதாகியிருந்தது. இன்னொரு கோட் அடித்தான்.

இதே ஆள் வேலைக்குப் போகிற வீடுகளில், "ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாக்காம மேல பெயிண்ட் அடிச்சா நிக்காதுங்க" என்று பாடம் எடுப்பவன். [இந்த வரி கொஞ்சம் ஓவர். எடுத்துவிட வேண்டும்.] [எடுக்கவில்லை.]

5

இவனை என்ன செய்வது? இங்கேதான் கதை முட்டிக்கொண்டு நின்றது.

முதலில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். "பேச மாட்டியா? அப்ப தெரியாமலே இரு" என்று பழி தீர்க்கிறவன். ஒட்டவில்லை. பழி தீர்க்கிறவன் இவ்வளவு பதமாகப் பூச மாட்டான்.

அடுத்து நல்லவனாக்கினேன். தெரிந்தால் அவள் உடைந்துபோவாள் என்று மறைக்கிறவன். அக்கா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லவன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பான். போடா."

கடைசியில் எனக்குப் பிடிபட்டது: அவன் பயந்தவன். விஷயம் வெளியே வந்தால் டாக்டர் டையை நிறுத்தச் சொல்வார். நிறுத்திவிட்டால் அவள் ஸ்டூலைப் போட மாட்டாள். அதற்கப்புறம் அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார ஒரு காரணமும் இருக்காது. அதற்குப் பயந்துதான் அவள் தலையை வேகவிட்டான். இதை எழுதி முடித்தபோது எனக்கு அவன்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. துக்கமாக இருந்தது.

6

போட்டோ பார்த்த அந்த வாரமே ஞாயிறு. அவள் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டாள். போட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். வகிடு எடுத்து வகிடு எடுத்துப் பூசினான். அந்த இடம் வந்ததும் கை மெதுவாகியது. சின்னச் சின்னதாக, விளிம்பு பிசகாமல், பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தான். பிறகு அவள் பின்னந்தலையில் காற்று பட்டது.

மாதாமாதம் பட்ட காற்றுதான். சலிப்பில் பெருமூச்சு விடுகிறான், தலையெழுத்தே என்று செய்கிறான் என்றே இத்தனை நாள் நினைத்துக் குமைந்திருந்தாள். இன்றுதான் கவனித்தாள். அவன் ஊதிக்கொண்டிருந்தான். அவளுக்கு எரியக் கூடாது என்று, குனிந்து, விடாமல் ஊதிக்கொண்டிருந்தான்.

அவளுக்குத் திரும்பி அவன் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அப்படியே பின்னால் சாய்ந்து அவன் வயிற்றில் தலையை வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அவள் கை—

7

இங்கே நிறுத்திவிட்டேன்.

அவள் திரும்பி "ஏன் சொல்லலை?" என்று கேட்க, அவன் உடைந்து அழ, மகளுக்குப் போன் போடுகிறார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் எழுந்து, துண்டை வீசிவிட்டு, வீட்டை விட்டே போகிறாள் என்று ஒன்று எழுதினேன். தலை நிறைய டையோடு எங்கே போவாள்? மூன்றாவது முடிவில் அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அடுத்த மாதமும் ஸ்டூல் போடுகிறாள். நடக்கக்கூடியது இதுதான். இதை எழுதக் கை வரவில்லை.

இனி உங்கள் பாடு. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. ஊதுவதை நிறுத்திவிட்டு பிரஷும் கையுமாக நிற்கிறான். இரண்டு பேரில் யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டும். யார், என்ன சொல்லி என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல மூன்று விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள்.

அவளுக்கு எரிகிறது.