முப்பத்தாறுதான் விடை

மூன்று முழு எண்களின் கூடுதல் பத்து. அவற்றின் பெருக்கற்பலன் அதிகபட்சம் எவ்வளவு? எழுத்தர் வேலைக்கான தேர்வில் வந்த கேள்வி. மூன்று, மூன்று, நான்கு, பெருக்கினால் முப்பத்தாறு. எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தேர்வு முடிந்து அவர்கள் வெளியிட்ட விடைக்குறிப்பில் முப்பத்தேழு என்று இருந்தது.

பத்தை மூன்றால் வகுத்து, வந்த பின்னத்தையே மூன்று தடவை போட்டுப் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டிருக்கிறார்கள். கேள்வியில் முழு எண் என்று எழுதிய கைக்கே அது மறந்துபோயிருக்கிறது.

இருந்தது ஒரே ஓர் இடம். வரிச்சிக்குடி கலைவாணனுக்கு எழுபத்திரண்டு, எனக்கு எழுபத்தொன்று. என் விடையை ஏற்றுக்கொண்டால் இருவரும் சமம். சமமானால் வயதில் மூத்தவருக்கு வேலை என்பது விதி. நான் அவனைவிட எட்டு வயது மூத்தவள். அடுத்த மாதம் எனக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இனி எந்தத் தேர்வும் எழுத முடியாது.

கோவில்பத்திலிருந்து பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் பஞ்சநாதன் என் மனுவைப் படிக்காமலே தள்ளி வைத்தார்.

“தாமரைச்செல்விங்கிறது நீங்கதானா? பெரிய புரொபசருங்க போட்ட விடைம்மா. தப்பா இருக்காது.”

“அப்ப நீங்களே மூணு முழு எண் சொல்லுங்க சார். கூட்டுனா பத்து வரணும், பெருக்குனா முப்பத்தேழு வரணும்.”

பேனாவை எடுத்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். முப்பத்தேழு பகா எண், எந்தக் காலத்திலும் வராது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தவிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவருடைய டீ ஆறிப்போனது. கடைசியில், “வராது போலருக்கே” என்று மனுவில் முத்திரை குத்தினார்.

இரண்டு வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. கேள்வி ரத்து, தேர்வு எழுதிய அனைவருக்கும் ஒரு மதிப்பெண். எனக்கு எழுபத்திரண்டு ஆனது. அந்தக் கேள்விக்குக் குருட்டாம்போக்கில் நாற்பது என்று போட்டதாக, தேர்வன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே சொன்ன கலைவாணனுக்கு எழுபத்துமூன்று.

அன்றைக்கே போய் பஞ்சநாதன் மேசைமுன் நின்றேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

“முப்பத்தாறு சரியா தப்பா சார்?”

“சரிதாம்மா. யாரு இல்லேன்னா? அதனாலதான் எல்லாருக்கும் ஒண்ணு குடுத்துட்டோம். இனிமே யாரும் குறை சொல்ல முடியாதுல்ல.”

“சரியா போட்டவளுக்கு என்ன சார் குடுத்தீங்க?”

அவர் பட்டியலை என் பக்கம் திருப்பி, என் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

“உங்களுக்கும் ஒண்ணு ஏறியிருக்கேம்மா. பாக்கலையா?”