முந்நூறு அடி

குடியிருப்போர் சங்கத் தலைவரின் வீட்டிலிருந்து சங்கக் கட்டடம் முந்நூறு அடிதான். சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால், அங்கே சுவரில் மாட்டியிருக்கும் தன்னுடைய படமே அவருக்குத் தெரியும். இருந்தாலும் காரில்தான் போவார். நடந்து வருகிறவனைத் தலைவர் என்று யார் நம்புவார்கள்?

அன்று அவருடைய மூன்று வருடக் கனவு ஓட்டுக்கு வருகிறது. தெருவோர நடைபாதையை இடித்துத் தள்ளிவிட்டு, கார் நிறுத்த இடம். ஆதரவு முப்பத்தோரு வீடு. எதிர்ப்பு இரண்டே பேர், எதிர்வீட்டு டீச்சரும் மூலைவீட்டுத் தையல்காரம்மாவும். மணி பத்து அடிக்கும்போது நாற்காலியில் இருப்பவருக்கே ஓட்டு. மூன்று பேர் இருந்தால் கூட்டம் செல்லும். இரண்டும் தலைவரே போட்ட விதிகள். டீச்சர் தாமதமாக வந்து கேள்வி கேட்கிறார் என்று முதலாவது. யாருமே வருவதில்லை என்று இரண்டாவது.

"என்னங்க, நடந்தே போயிடலாமே," என்றாள் மனைவி.

"கார் நிறுத்த இடம் கேக்கப் போறவன் நடந்தா போவான்? ஏறு."

"நீங்க ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள நான் போய் உக்காந்தே இருப்பேன்." போய்விட்டாள்.

பத்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது தலைவர் சங்க வாசலை அடைந்தார். இருந்த கொஞ்ச இடத்தையும், அவர் சொல்லி வரவழைத்த நாற்காலி வாடகை வேன் அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று திரும்பினார். முன்னால் பல் டாக்டரின் கார். பின்னால் செயலாளர். முப்பத்தோரு ஆதரவாளர்களும் கட்டடத்தைச் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, கொஞ்சம் ஒதுங்கினா நான் பூந்துடுவேன்," என்றார் செயலாளர்.

"எங்கய்யா ஒதுங்கறது? அதுக்குத்தானே தீர்மானமே."

மூன்றாவது சுற்றில் மனைவி ஜன்னலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். நான்காவது சுற்றில் காவலாளி மணி அடித்தார்.

தலைவர் கார் கண்ணாடியை இறக்கினார். "என்ன ஆச்சு?"

"முடிஞ்சிடுச்சுங்க," என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து. "நடைபாதை இருக்கும். மூணுக்கு சைபர்."

"மூணா? மூணாவது யாரு?"

"நான் பாட்டுக்கு நாற்காலியில உக்காந்திருந்தேன். கை தூக்கச் சொன்னாங்க."

தலைவர் கண்ணாடியை ஏற்றினார். மறுகூட்டம் கேட்டே தீருவது என்று கிளம்பினார். ஆனால் காரை எங்கே விடுவது? வீட்டிலேயே விட்டுவிட்டு, அப்படியே செய்த முப்பத்தோரு பேரோடு நடைபாதையில் ஊர்வலமாகச் சங்கத்துக்குத் திரும்பினார். தோளோடு தோள் இடித்தது. பல் டாக்டர் இரண்டு தடவை சாக்கடைப் பக்கம் சரிந்தார்.

"என்னய்யா இது," என்றார் தலைவர், "மனுஷன் நடக்கற இடத்தை இவ்வளவு ஒடுக்கமாவா போடுவாங்க?"