குனிந்தால் அணையும் ஒளி

தென்கொரியாவின் இஞ்சியோன் நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடம். அதன் முகப்புக் கூடத்தில், சுவர் முழுக்க நின்ற திரைக்கு முன்னால் ஹேவோன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போல் உறுத்தியது.

கூடத்துக்குள் வருகிறவரின் முகத்தை நாலு பக்கக் கேமராக்களும் தேடிப் பிடிக்கும். திரையில் அவருக்கென்று ஓர் ஒளியுருவம் எழும். அதுதான் அவள் படைப்பு. மாலையில் திறப்பு விழா. வருகிறவர்கள் நின்று பார்க்காவிட்டால் நாளை முதல் அந்தத் திரையில் முகப்பூச்சு விளம்பரம்தான் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார்.

"கிம்பாப் ஒரு துண்டாவது வாயில போடுங்கக்கா. இப்படியே இருந்தா கேமராவே உங்களை ஆளுன்னு ஒத்துக்காது," என்றான், கூட இருந்து நிரல் எழுதும் மான்சூ.

"உன்னையே ஒத்துக்கிச்சேடா."

அப்போது தரை துடைக்கும் அம்மாள் வாளியோடு வந்தார். "வேலைக்கு நடுவுல வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க," என்று இடுப்பு வளையக் குனிந்தார். கேமராக்களுக்கு முகம் மறைந்ததும் திரையில் அவருடைய ஒளி அணைந்தது. பதிலுக்கு மான்சூ எழுந்து குனிந்தான். அவன் ஒளியும் அணைந்தது.

ஹேவோன் சட்டென்று எழுந்தாள். இதுவரை சோதித்துப் பார்த்தது அவளும் மான்சூவும் மட்டும்தான். பழகிய பழக்கத்தில் ஒருவருக்கொருவர் குனிவதே இல்லை. மாலையில் வருகிற அத்தனை பேரும் வணக்கம் சொல்லக் குனிவார்களே.

"யாரும் குனியாதீங்கன்னு பலகை வெச்சிடலாமா?" என்றான் மான்சூ.

"இந்த ஊர்லயா? உங்கம்மாவே உன்னை வீட்டுல சேர்க்க மாட்டாங்க."

"என்னாலதான் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்ட அந்த அம்மாள், தம் குடுவையில் மிச்சமிருந்த பார்லித் தேநீரை மூடியில் ஊற்றி இரு கைகளாலும் நீட்டினார். "கண்ணு செவந்து கிடக்கு. குடிங்க."

குடுவை காலியாகிவிட்டது. ஹேவோன் அதைப் பார்த்தாள். சூடு தொண்டையில் இறங்கியது.

"மான்சூ, குனியறவங்க ஒளி அணையட்டும். ஆனா அது வீணாப் போகக்கூடாது. எதிர்ல நிக்கிறவங்களுக்குப் போய்ச் சேரட்டும்."

மான்சூ கொட்டாவி விட்டபடி கணினியை இழுத்துக்கொண்டான்.

மாலையில் கூட்டம் வந்தது. வழக்கம்போலத் திரையைக் கடந்து நடந்தது. ஓரமாக வாளியோடு நின்ற அம்மாளிடம் ஹேவோன் போனாள். வலித்த முதுகை வளைத்து ஆழக் குனிந்தாள். அவள் உருவம் இருண்டது. அம்மாளின் உருவம் கூரை வரை பொன்னாக எழுந்தது. நடந்தவர்கள் நின்றார்கள்.

விளம்பரப் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. கட்டட உரிமையாளர், தம் வாயிற்காவலருக்கு எதிரே குனிந்துகொண்டிருந்தார்.